பேப்பர் கேட்காத ஊர்

எங்கள் ஊரில் ஒருவரிடம் எதையும் கேட்கலாம். சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம். பேசிவந்த கலியாணம் ஏன் குழம்பியது என்று வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டாலும் குறை நினைக்க மாட்டார்கள். "உங்கட சேட்டிபிக்கட் எங்கே?" என்று மட்டும் கேட்கக் கூடாது. சண்டையின் கடைசி இடப்பெயர்வில் எங்கள் எல்லோருடைய பேப்பரும் போய்விட்டது. சிலருடையது உழவு இயந்திரப் பெட்டியோடு போனது, சிலருடையது பங்கருக்குள் போனது, சிலருடையது ஆட்களோடேயே போனது. ஆகவே இல்லாத பேப்பரைப் பற்றி நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. வாயால் சொன்னால் நம்புவோம். அதை ஒரு மரியாதை என்று நினைத்திருந்தோம்.

அந்த மரியாதைக்குள் வந்துதான் அவன் கடை விரித்தான். அவன் என்றுதான் எழுதப்போகிறேன். டொக்டர், அவர், அந்த நல்ல மனுஷன் என்று வேண்டியமட்டும் வாய் நிறையச் சொல்லியாயிற்று. இனி முடியாது.

முதலில் என்னுடைய பேப்பரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. உடையார்கட்டில் எங்களுக்கு ஒரு காணியும் கிணறும், குளத்துக்குக் கீழே கொஞ்ச வயலும் உண்டு. செல் குண்டு கிட்டக் கிட்ட விழத் தொடங்கியபோது என் பரீட்சைப் பெறுபேறு, ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், கலியாணப் பதிவு, பிள்ளையின் பிறப்புப் பதிவு எல்லாவற்றையும் சுருட்டி ஒரு பால்மா டின்னுக்குள் வைத்தேன். பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு கற்பூரக் கட்டியையும் போட்டேன். மூடியைச் சுற்றி மெழுகுதிரியை உருக்கி ஊற்றினேன். இவர், அதாவது என் மனுஷன், கிணற்றடியில் குழி கிண்டி அதைத் தாட்டுவிட்டார். முகாமில் இருந்த காலம் முழுக்க நான் அந்த டின்னை நினைத்துத்தான் நித்திரைக்குப் போனேன். வீடு போனாலும் டின் இருக்கும் என்று ஒரு தைரியம்.

திரும்பி வந்து கிண்டியபோது மெழுகு பூசிய மூடி அப்படியே இருந்தது. அடிப்பக்கம்தான் கறள் பிடித்து ஓட்டை. கறையான் அந்த வழியால் ஏறி எல்லாவற்றையும் தின்று மண்ணாக்கி வைத்திருந்தது. ஆனால் மூடியைத் திறந்ததும் கற்பூரம் மணந்தது. "மணக்குதெல்லோ?" என்று இவரிடம் நீட்டினேன். இவர் மூக்கை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்டும் மணக்கேல்லையப்பா, வெறும் மண் மணம்தான்" என்றார். எனக்கு மணந்தது. இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். அந்த டின்னை எறிய மனமில்லாமல் அதற்குள் பத்துமணிப்பூ நட்டு வாசலில் வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பேப்பராகத் திரும்ப எடுக்க நாங்கள் அலைந்த அலைச்சல் எதிரிக்கும் வரக்கூடாது. ஓர் அலுவலகத்தில் பிள்ளை என் இடுப்பில் இருக்கிறது, இவர் பக்கத்தில் நிற்கிறார், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கிளாக்கர் கேட்டார்: "நீங்கள் கலியாணம் கட்டினதுக்கு என்ன அத்தாட்சி?" அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கன்னத்தில் அறை வாங்கினதுபோல இருக்கும். இன்னொரு மனிதரைப் பார்த்து அந்தக் கேள்வியை நான் கேட்கவே மாட்டேன் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

அவன் எங்கள் பக்கம் வந்தது இதெல்லாம் ஆறிப்போய் நெடுங்காலத்துக்குப் பிறகு. சந்தைக்குப் போகும் வழியில் ஒரு கடையறையை வாடகைக்கு எடுத்து, ஒரு திரைச்சீலை தொங்கவிட்டு, ஒரு கட்டிலும் நாலு பிளாஸ்டிக் கதிரையும் போட்டு டிஸ்பென்சரி திறந்தான். நடுத்தர வயது, வெளிறிய சேட், கழுத்தில் குழாய். ஆளைப் பார்த்தால் அசல் டொக்டர்தான். கதை இன்னும் அசல். உள்ளே போனதும் முதல் கேள்வி, "சாப்பிட்டனீங்களோ?" ஆஸ்பத்திரியில் யார் எங்களை அப்படிக் கேட்டார்கள்? மாதக் கிளினிக்கில் விடிய முதல் போய் வரிசையில் நின்றால், இரத்தத்தில் சீனி கூடிவிட்டதென்று எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக ஏச்சு விழும். இவருக்கு அந்த ஏச்சு பிடிக்காது. வயல்காரனுக்கும் ஒரு ரோஷம் இருக்கிறதல்லவா.

இவருக்குச் சீனி வருத்தம் கனகாலமாக இருக்கிறது. கால் விறைப்பு. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்துகொண்டிருப்பார், நான் பின்னால் பொறுக்கிக்கொண்டு போவேன், அதுவே எங்கள் வீட்டில் ஒரு பகிடி. வரம்பு கட்டும்போது விடத்தல் முள் ஒன்று உள்ளங்காலில் ஏறியதும் அப்படித்தான் தெரியாமல் போனது. நான் கண்டபோது அந்த இடம் சிவந்து வீங்கியிருந்தது. அவனிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அவன் சந்தை வழியில் இருக்கிறான், எங்கள் பாஷையில் கதைக்கிறான், ஏசுவதில்லை. வேறென்ன வேண்டும் என்று நினைத்தோம்.

அவன் ஒரு ஊசி போட்டான். மறுநாள் இவர் துள்ளிக்கொண்டு வயலுக்குப் போனார். முழங்கால் உளைவுகூடப் போய்விட்டது என்றார். "ஆஸ்பத்திரிச் சீனிக் குளிசை உங்கட உடம்புக்குச் சூடு. அதை நிப்பாட்டுங்கோ, நான் வேற தாறன்" என்று அவன் வெள்ளைக் கடதாசி உறையில் குளிசை போட்டுத் தந்தான். உறையில் பெயர் இல்லை. காலைக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். புண்ணுக்கு மஞ்சள் தூள் போட்டுக் கட்டினான். அடிக்கடி போய்வந்தோம். ஒவ்வொரு முறையும் புண் உள்ளால் ஆறிக்கொண்டு வருகிறது என்று சொன்னான். வெளியால் ஆறக் காணோமே என்று நான் கேட்டபோது, "டீச்சர், பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற மாதிரித்தான் இதுவும். உடன தெரியாது" என்றான். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

இவருக்கு மருந்து கட்டி முடிந்து, வேறு ஆட்கள் இல்லாத ஒரு மத்தியானம் அவன் எங்களை இருத்தி வைத்துக் கதைத்தான். படித்தது எங்கே என்று கேட்பதுபோல ஏதோ என் வாயில் வந்திருக்க வேண்டும். அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் அங்கதான் போச்சுது டீச்சர்" என்றான். எங்கே என்று சொல்லவில்லை. எங்களுக்குச் சொல்லத் தேவையும் இல்லை. எங்கள் ஊரில் ‘அங்க’ என்றால் ஒரே ஓர் இடம்தான், கடைசிச் சண்டை நடந்த இடம். கேட்டது பிழை என்று பட்டது. அந்தச் சங்கடத்தை மறைக்க என் டின்னின் கதையைச் சொன்னேன்.

அவன் கேட்டான் பாருங்கள், அப்படி யாரும் என் கதையைக் கேட்டதில்லை. என்ன டின், மெழுகை எப்படி ஊற்றினீர்கள், கற்பூரம் போட ஏன் தோன்றியது, எவ்வளவு ஆழம் கிண்டினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். இவர் மணக்கவில்லை என்று சொன்ன இடத்தில் கண்ணைத் துடைத்தான். பெற்ற பிள்ளைக்கே அந்தக் கதையை இரண்டாம் முறை சொன்னால் அலுப்பு வரும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "என்ன ஒரு மனுஷன்" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். இவர் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தார்.

கோயில் திருவிழாவுக்கு என் மச்சாள் வவுனியாவிலிருந்து வந்தாள். இவருடைய தங்கச்சி, தாதியாக வேலை செய்கிறவள். அவளுக்கும் எனக்கும் பெரிதாக ஒட்டாது. எங்கள் குசினிக்குள் வந்ததும் போத்தல்களை இடம் மாற்றி வைக்கிறவள். அன்றைக்கு வந்தவள் இவருடைய காலைக் கண்டதும் கையில் இருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். கட்டை அவிழ்த்தாள். மணம் வந்தது. வீட்டுக்குள் இருந்து பழகிய எங்களுக்கு அந்த மணம் தெரியாமல் போயிருந்தது.

"ஆரிட்டக் காட்டினனீங்கள்?" என்றாள். சொன்னேன். உறையைக் காட்டினேன். "இதில மருந்தின்ர பேரும் இல்ல, டொக்டரின்ர சீலும் இல்ல. ஆளின்ர பதிவு நம்பர் என்ன?"

"அதெல்லாம் எங்களுக்கு என்னத்துக்கு?"

"ஒவ்வொரு டொக்டருக்கும் ஒரு நம்பர் இருக்குது மச்சாள். ஃபோனிலேயே பாக்கலாம்." கையோடு பார்த்தாள். கொழும்பில் டொக்டர்மாரைப் பதிகிற சபையின் பட்டியலில் அவன் பெயரைத் தேடினாள். இல்லை. வேறு விதமாகவும் தேடினாள். இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை, அவள்மேல். "அந்த மனுஷன்ர பேப்பர் எல்லாம் அங்க துலைஞ்சு போச்சு. நீர் வவுனியாவில இருந்தனீர். உமக்கு விளங்காது" என்றேன். அவள் நாங்கள் பட்டதைப் படாதவள் என்பதை இப்படி எப்போதாவது குத்திக்காட்டுவேன். வழக்கமாக அவள் வாயடைத்துப் போவாள். இந்த முறை போகவில்லை.

"உங்கட சேட்டிபிக்கட்டும்தானே துலைஞ்சது. பிறகு எப்பிடி எடுத்தனீங்கள்?"

"கொழும்புக்கு எழுதி."

"கொழும்பில உங்கட பேர் இருந்தபடியால்தானே தந்தவை? அவர் டொக்டரெண்டால் அவர்ர பேரும் அங்க இருக்கும். துலைஞ்சது அவர்ர கையில இருந்த கடதாசிதானே. கொழும்புப் பதிவையும் கறையானோ திண்டது?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். இதை யோசிக்க எனக்குப் படிப்பும் இருந்தது, பட்ட அனுபவமும் இருந்தது. ஆனாலும் யோசிக்கவில்லை. பேப்பர் போய்விட்டது என்று ஒருவர் சொன்ன உடனே எங்களுக்கு மூளை நின்று நெஞ்சு வேலை செய்யத் தொடங்கிவிடும். அவன் அதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தான்.

அன்றைக்கே ஓட்டோவில் இவரை ஏற்றினோம். சந்தை வழியில் போகும்போது அவனுடைய டிஸ்பென்சரி திறந்திருந்தது. ஓட்டோவை நிற்பாட்டச் சொல்லி இறங்கினேன். மச்சாள், "இப்ப நேரமில்ல" என்று கத்தினாள். ஒரே ஒரு பதில் அவன் வாயால் வந்தால் போதும் என்று எனக்கு இருந்தது. உள்ளே கதிரைகளில் ஆட்கள் இருந்தார்கள், எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள்.

"டொக்டர், உங்கட பதிவு நம்பரை ஒருக்காச் சொல்லுங்கோ" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபப்படவில்லை. கண் கலங்கினான். "டீச்சர், நீங்களுமோ?" என்றான். "ஆர் கேட்டாலும் பரவாயில்ல. நீங்கள் என்னட்டப் பேப்பர் கேக்கிறியளோ?"

கதிரைகளில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தகப்பன் எழும்பி, "பட்டுக் கெட்டு வந்த மனுஷனிட்டக் கேக்கிற கேள்வியோ இது, டீச்சர்?" என்றார். எனக்கு முகம் கூசியது. அன்றைக்கு அந்தக் கிளாக்கர் நின்ற இடத்தில் நான் நிற்பதுபோல இருந்தது. திரும்பி வந்து ஓட்டோவில் ஏறினேன். அழுகிய காலோடு புருஷன் பக்கத்தில் இருக்க, அவனுடைய மனம் நொந்திருக்குமே என்று யோசித்துக்கொண்டு போனேன். அந்த அளவுக்கு அவன் என்னை வைத்திருந்தான்.

பெரியாஸ்பத்திரியில் காலைப் பார்த்த டொக்டர் மிகவும் இளம் ஆள், என் மாணவர்களில் ஒருவர் போல. கிருமி எலும்புக்குப் போய்விட்டது, முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று ஆறுதலாகச் சொன்னார். சீனி மருந்தை நிற்பாட்டியதும், நோவை மட்டும் மறைத்துச் சீனியை ஏற்றுகிற அந்த ஊசியும் சேர்ந்துதான் இந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது என்றார். கையெழுத்து வைக்கப் பேனா தந்தார். நான் பேனாவை வாங்கவில்லை.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. உங்கட பதிவு நம்பர் என்ன?"

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவே இல்லை. நம்பரைச் சொன்னார். பிறகு சட்டைப் பையில் இருந்த றப்பர் சீலை எடுத்துக் கிளினிக் கொப்பியின் ஓரத்தில் குத்தி, "இதில இருக்குது அம்மா. வேணுமெண்டால் இப்பவே ஃபோனில பாருங்கோ" என்றார். அவ்வளவுதான். உண்மையான டொக்டருக்கு அந்தக் கேள்வியால் ஒன்றும் உடையவில்லை, கண்ணும் கலங்கவில்லை. இவ்வளவு லேசான ஒரு பதில் அவனிடம் இல்லாததற்காக, என்னை வெட்கப்படுத்தி அனுப்பியிருக்கிறான். பேனாவை அழுத்திக் கையெழுத்து வைத்தேன், கோபத்தால்.

காலை எடுத்துவிட்டார்கள். இவர் கண் விழித்ததும், "இனிச் செருப்புப் பொறுக்கிற வேலை உமக்குப் பாதிதான்" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் வெளியே ஓடிப்போய் அழுதேன்.

ஊரில் அவன், நான் நம்பர் கேட்ட மறுநாளே போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்று கடையறைக்காரர் ஃபோன் எடுத்துச் சொன்னார். பொலிசும் சுகாதாரப் பகுதிக்காரரும் வந்து விசாரித்தார்களாம். எங்கேயோ தூரத்தில் ஒரு மருந்துக் கடையில் நின்றவனாம். நாங்கள் பங்கருக்குள் கிடந்த நாட்களில் அவன் அந்தக் கடையில்தான் இருந்திருக்கிறான். சண்டை முடியும்வரை வன்னிப் பக்கமே வந்ததில்லையாம். ஒரு மனிதன் படிக்காமல் ஊசி போட்டதற்குப் பேராசை என்றோ பிழைப்பு என்றோ ஒரு பெயர் சொல்லலாம். அங்கே இருந்தேன் என்று சொன்னதற்கு என்ன பெயர்? எனக்குத் தெரியவில்லை.

ஆண்கள் வார்ட்டுக்கு வெளியே ஒரு வாங்கு உண்டு. பார்வையாளர் நேரம் வரும்வரை பெண்கள் அதில்தான் இருப்போம். பக்கத்தில் கண்டாவளையில் இருந்து வந்த ஒரு பிள்ளை இருந்தாள். அவளுடைய மனுஷனுக்கு இடுப்பில் ஊசி போட்ட இடம் சீழ் கட்டி வெட்டியிருந்தார்கள். எந்த டொக்டர் போட்டது என்று கேட்டேன்.

"எங்கட பக்கம் கிழமையில ஒருக்கா வந்து பாக்கிறவர் அக்கா. நல்ல மனுஷன். போன உடன, ‘சாப்பிட்டனீங்களோ’ எண்டுதான் கேப்பார்."

நான் அவள் பக்கம் நெருங்கி இருந்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். "இஞ்ச சொல்லினம் அவர் டொக்டரே இல்லையாம், பேப்பர் இல்லையாம். இவையளுக்குத் தெரியுமோ அந்த மனுஷன் பட்ட பாடு? சேட்டிபிக்கட் எல்லாத்தையும் ஒரு பால்மா டின்னுக்குள்ள போட்டு, மெழுகுதிரியை உருக்கி மூடியைச் சுத்தி ஊத்தி, கிணத்தடியில தாட்டவராம். பூச்சி அரிக்காமல் கற்பூரமும் போட்டவராம் அக்கா. திரும்பி வந்து கிண்டிப் பாத்தால் கறையான் திண்டு எல்லாம் மண். கற்பூர மணம் மட்டும் வந்ததாம். மனுஷியைக் கூப்பிட்டு மணக்கச் சொன்னவராம், அவாக்கு ஒண்டும் மணக்கேல்லையாம். அவருக்கு மட்டும்தானாம் மணந்தது." சொல்லி முடிக்க அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

இவருடைய கால் போனதைவிட அது எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்தக் காணியில், அந்தக் கிணற்றடியில், என் மூக்குக்கு மட்டும் தெரிந்த மணம் அது. அதை எடுத்துக்கொண்டு போய் ஊர் ஊராகக் காட்டி ஊசி போட்டிருக்கிறான்.

"தங்கச்சி, அது என்ர டின்" என்றேன்.

அவள் துடைத்த கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னக்கா?"

"அது என்ர டின். தாட்டது என்ர மனுஷன். மணந்தது எனக்கு. நான்தான் அவனுக்கு இந்தக் கதையைச் சொன்னனான். அவன் களவெடுத்துப்போட்டான்."

அவள் வாங்கில் கொஞ்சம் தள்ளி இருந்தாள். பாவம் என்று இரங்குவதா, பொய்க்காரி என்று விலகுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அது உங்கடதெண்டதுக்கு என்ன அத்தாட்சி அக்கா?"

அவனிடம் ஒரு நாளும் அவள் இப்படிக் கேட்டதில்லை. பத்துமணிப்பூ நட்ட டின் இற்று மண்ணோடு போய் எத்தனையோ காலம். எனக்கிருந்த ஒரே சாட்சி உள்ளே கட்டிலில் கிடந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டாலும், தனக்கு ஒன்றும் மணக்கவில்லை என்றுதான் சொல்லுவார்.